நியூ ஸ்வீடன் (1638–1655): அமெரிக்காவுக்குப் போன ஸ்வீடன்காரர்கள் உண்மையிலேயே கடலோடிகளா?

பாய்மரம்77 எழுதியது:

அமெரிக்கக் குடியேற்றம் என்றதும் ஆங்கிலேயரின் மேஃபிளவர் கப்பலையும் டச்சுக்காரரின் நியூ ஆம்ஸ்டர்டாமையும் (இன்றைய நியூயார்க்) சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவில் ஸ்வீடனும் ஒரு கை பார்த்தது பலருக்குத் தெரியாது. 1638 மார்ச்சில் கல்மார் நிக்கெல், ஃபோகல் கிரிப் என்ற இரண்டு கப்பல்கள் டெலவேர் ஆற்றுக்குள் நுழைந்தன. இன்றைய வில்மிங்டன் நகரம் இருக்கும் இடத்தில் ஒரு கோட்டை கட்டி, அப்போது பதினோரு வயதுச் சிறுமியாக இருந்த ராணி கிறிஸ்டினாவின் பெயரை வைத்தார்கள். பக்கத்து ஆற்றுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஆனால் பதினேழே ஆண்டுகளில் எல்லாம் டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது.

என் கேள்வி இதுதான். வைக்கிங் வழியில் வந்தவர்கள், பால்டிக் கடலில் டென்மார்க்கையே மிரட்டிய கடற்படை வைத்திருந்தவர்கள். இவ்வளவு கடல் மரபு உள்ள ஒரு நாட்டால் கடல் கடந்த ஒரு குடியேற்றத்தை ஏன் காப்பாற்ற முடியவில்லை?

கரிகாலி எழுதியது:

வைக்கிங்கை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். வட அமெரிக்காவுக்குப் போன லெய்ஃப் எரிக்சன் கூட்டம் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழி வந்தது. ஸ்வீடன் பக்கத்து வைக்கிங்குகள் பெரும்பாலும் கிழக்கே போனவர்கள். ரஷ்ய ஆறுகள் வழியாகக் கான்ஸ்டான்டினோபிள் வரைக்கும். அதற்கும் 1638க்கும் நடுவில் அறுநூறு ஆண்டு இடைவெளி. ரத்தத்தில் கடல் ஓடுகிறது என்ற பேச்சை எந்த இனத்துக்குச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். கல்மார் நிக்கெல் ஹாலந்தில் கட்டிய கப்பல். கல்மார், யோன்ஷோபிங் என்ற இரண்டு ஊர்கள் பணம் போட்டு 1629இல் வாங்கியது. இதில் யோன்ஷோபிங் கடலே இல்லாத ஊர், வேட்டர்ன் ஏரிக்கரையில் இருக்கிறது! முதல் பயணத்தில் கப்பலை ஓட்டிய தலைமை மாலுமி டச்சுக்காரர். பயணத்தின் தலைவர் பீட்டர் மினுயிட். மன்ஹாட்டனை வாங்கியதாகச் சொல்கிறார்களே, அதே ஆள். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கிய பிறகு ஸ்வீடன் பக்கம் வந்தார். முதலீட்டில் ஏறக்குறைய பாதி டச்சுப் பணம். சாமுவேல் புளோமார்ட் என்ற வணிகரும் அவருடைய கூட்டாளிகளும் போட்டது. கோத்தன்பர்க் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல்கள் வடகடல் புயலில் அடிபட்டு, பழுது பார்க்க ஒதுங்கியது எங்கே? டச்சுக்காரரின் டெக்செல் தீவில்.

கப்பல் டச்சுக்காரர் கட்டியது, மாலுமி அவர்களுடையவர், திட்டம் போட்டவர் அவர்களிடமிருந்து வந்தவர். கொடி மட்டும்தான் ஸ்வீடனுடையது.

பாய்மரம்77 எழுதியது:

கரிகாலி, இப்படிப் பார்த்தால் ஸ்பெயினுக்கும் கடல் மரபு கிடையாது. கொலம்பஸ் ஜெனோவாக்காரர்தானே? அந்தக் காலத்தில் மாலுமிகளும் கப்பல் கட்டும் ஆசாரிகளும் கூலி அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போனார்கள். 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே கவிழ்ந்த வாசா போர்க்கப்பலைக் கட்டியவரும் டச்சுக்காரர்தான். அதற்காக வாசாவை டச்சுக் கப்பல் என்று யாராவது சொல்கிறார்களா?

இன்னொன்று. திட்டத்துக்குப் பின்னால் நின்றவர் கிளாஸ் ஃபிளெமிங், ஸ்வீடன் கடற்படையின் அட்மிரல். 1641இல் டச்சுப் பங்குதாரர்களுக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அது முழுக்க ஸ்வீடனின் முயற்சிதான். கல்மார் நிக்கெல் மட்டும் நான்கு முறை அங்கே போய் வந்திருக்கிறது. அந்தக் காலத்துக் குடியேற்றக் கப்பல்களில் இத்தனை முறை போய் வந்ததாகப் பதிவான வேறு கப்பல் இல்லை என்கிறார்கள். மேஃபிளவர் குடியேறிகளைக் கொண்டுபோனது ஒரே ஒரு தடவை. இந்த ஒரு கணக்கை வைத்தே ஸ்வீடன்காரர்களுக்குக் கொஞ்சம் மதிப்பெண் போடலாம்.

வில்மிங்டன்_வாசி எழுதியது:

இந்த ஊர்க்காரன் என்ற முறையில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அதைப் பார்த்தால் மினுயிட்டின் கெட்டிக்காரத்தனம் புரியும். டெலவேர் பெரிய ஆறு. அதன் கரை பல இடங்களில் சதுப்பு. கிறிஸ்டினா அதில் வந்து சேரும் சின்ன ஆறு. முகத்துவாரத்திலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் கரையில் ஒரு பாறைத் திட்டு நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. கப்பலை நேராக அதன் ஓரத்தில் கொண்டுவந்து கட்டலாம். தனியாகத் துறை கட்ட வேண்டியதில்லை. அந்தப் பாறைக்குப் பின்னால்தான் கோட்டை எழுந்தது.

1638 மார்ச் 29 அன்று கல்மார் நிக்கெல் கப்பலின் அறையிலேயே அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான லெனாபே மக்களின் தலைவர்கள் ஐந்து பேரை உட்காரவைத்து நிலப் பத்திரம் எழுதினார்கள். மட்டஹார்ன் அவர்களில் முக்கியமானவர். அப்புறம் மினுயிட் 24 பேரை மோன்ஸ் கிளிங் என்ற படை அதிகாரியின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினார். மினுயிட் ஊர் திரும்பவே இல்லை. வழியில் கரீபியனில் செயின்ட் கிட்ஸ் தீவில் ஒயினைக் கொடுத்துப் புகையிலை வாங்க நிறுத்தினார்கள். துறைமுகத்தில் நின்ற ஒரு டச்சுக் கப்பலுக்கு விருந்துக்குப் போனவர், புயல் வந்து அந்தக் கப்பலோடு காணாமல் போனார். கல்மார் நிக்கெல் தப்பித்து ஊர் போய்ச் சேர்ந்தது.

ஏரிக்கரை எழுதியது:

நிலத்தை "வாங்கினார்கள்" என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். லெனாபே மக்கள் விற்றார்களா?

வில்மிங்டன்_வாசி எழுதியது:

நல்ல கேள்வி, ஏரிக்கரை. கொடுத்த பொருள்களுக்குப் பதிலாகச் சேர்ந்து பயன்படுத்த இடம் கொடுத்தோம் என்பது அவர்கள் புரிதல். நிரந்தரமாக எங்களுக்கே என்பது ஸ்வீடன்காரர்கள் காகிதம். அதே நிலத்தைப் பிறகு டச்சுக்காரருக்கும் "விற்றார்கள்", வெள்ளைக்காரர்கள் இரு தரப்பும் ஏமாற்று என்று கத்தினார்கள். லெனாபே மக்கள் பார்வையில் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பரிசுப் பொருள் வந்துகொண்டிருக்கும் வரை உறவு நீடிக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஸ்வீடனிலிருந்து கப்பல் வராவிட்டால் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல் வியாபாரமும் படுத்துவிட்டது, லெனாபே உறவும் இளைத்துவிட்டது.

இன்னொன்றும் மறந்துவிட வேண்டாம். ஃபோகல் கிரிப் கரீபியன் பக்கம் போய்விட்டு 1639இல் திரும்பியபோது அந்தோனி என்ற ஆப்பிரிக்கரை அடிமையாகக் கொண்டுவந்தது. டெலவேர் ஆவணங்களில் வரும் முதல் கறுப்பின மனிதர் அவர்தான். கப்பல் பெருமை பேசும் விழாக்களில் இந்த வரி கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிக்கப்படுகிறது.

கரிகாலி எழுதியது:

பாய்மரம், கொலம்பஸ் உதாரணம் சரிதான். ஆனால் நான் கப்பலை விட, அதில் ஏறிப் போனவர்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நியூ ஸ்வீடனுக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தால் மீனவரோ துறைமுகத்துக்காரரோ அதிகம் இல்லை.

முதலில் சிப்பாய்களும் கூலிக்கு வந்தவர்களும். பிறகு கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் காட்டுஃபின்கள். ஃபின்லாந்திலிருந்து ஸ்வீடனின் வார்ம்லாந்து போன காட்டுப் பகுதிகளுக்கு வந்து குடியேறியவர்கள் இவர்கள். மரத்தை வெட்டிப் போட்டு, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் ரை தானியம் விதைப்பது இவர்கள் தொழில். குறிஞ்சித் திணைப் பாடல்களில் புனம் எரித்துத் தினை விதைக்கிறார்களே, ஏறக்குறைய அதே முறை. ஒருகாலத்தில் அரசே இவர்களை வரவேற்றது. இரும்பு, செம்பு உலைகளுக்குக் கரி தேவைப்பட ஆரம்பித்ததும் காட்டை எரிப்பது குற்றமாகிவிட்டது. பிடிபட்டவர்களில் சிலரைக் கப்பலில் ஏற்றினார்கள். படையிலிருந்து ஓடியவர், கடன்காரர், பழமரத்தை வெட்டியவர், காட்டில் மான் வேட்டையாடியவர் என்று தண்டனையாக அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

கடலுக்கும் இவர்களுக்கும் இருந்த உறவு, கப்பலின் அடித்தளத்தில் படுத்துக்கொண்டு வாந்தி எடுத்ததுதான். கரை சேர்ந்ததும் இவர்கள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். டெலவேர் காடும் அவர்கள் விட்டு வந்த காடும் ஒரே மாதிரி. கோடரி ஒன்றை வைத்துக்கொண்டு ஆணியே இல்லாமல் மரக்கட்டை வீடு கட்டத் தெரியும். அமெரிக்கா முழுக்கப் பிறகு பரவிய மரக்கட்டை வீட்டின் மூலம் இங்கேதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கும் பங்கு உண்டு என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் மார்ட்டன், 1654இல் வந்த ஒரு ஃபின் குடும்பத்தின் வழிவந்தவர்.

ஆகவே இந்தக் குடியேற்றம் விட்டுப்போன மரபு கோடரி மரபு. கப்பலைத் தூக்கிப் பிடிப்பது பின்னால் வந்தவர்கள் செய்த ஜோடனை.

பாய்மரம்77 எழுதியது:

ஜோடனை என்பது கொஞ்சம் கடுமை. காட்டு ஆள்களானாலும் அட்லாண்டிக்கைக் கடந்தார்களா இல்லையா? அந்தப் பாதை எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

கோத்தன்பர்க் 1621இல் உருவான புது ஊர். அந்த நாளில் மேற்குக் கரையில் ஸ்வீடனுக்கு இருந்த ஒரே வாசல் அதுதான். தெற்கே டென்மார்க், வடக்கே டென்மார்க்கின் கீழிருந்த நார்வே. அங்கிருந்து நேராக மேற்கே போக முடியாது, எதிர்க்காற்று. தெற்கே இறங்கி, கேனரி தீவுகள் வரை போய், வடகிழக்குத் தடக்காற்றைப் பிடித்துக் கரீபியனுக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு அமெரிக்கக் கரையோரமாக வடக்கே ஏற வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் வெயிலிலும் அழுகிய தண்ணீரிலும் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். 1654இல் ஓர்ன் கப்பலில் 350 பேர் போல ஏறினார்கள். 100 பேர் அளவில் வழியிலேயே செத்தார்கள், பெரும்பாலும் வயிற்றுப்போக்கில். அப்போதும் இடமில்லை என்று நூறு குடும்பங்கள் போலத் துறைமுகத்தில் நின்றுவிட்டன. மலேயாவுக்கும் பிஜிக்கும் போன நம் ஆட்களின் கப்பல் கதை கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கரிகாலி எழுதியது:

அந்த ஓர்ன் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஸ்வீடனிலிருந்து வந்து சேர்ந்த கப்பல் ஸ்வானன், 1648 ஜனவரியில். ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு கப்பலும் வரவில்லை! நடுவில் 1649இல் கட்டன் என்ற கப்பல் எழுபது பேரோடு கிளம்பியது. போர்ட்டோ ரிக்கோ பக்கத்தில் பாறைத் திட்டில் ஏறித் தரைதட்டி, ஸ்பானியர் கையில் மாட்டினார்கள். மிகச் சிலர்தான் ஸ்வீடனுக்குத் திரும்ப முடிந்தது.

ஏன் இந்த இடைவெளி? உங்கள் அட்மிரல் ஃபிளெமிங் 1644இல் டென்மார்க்குடனான கடற்போரில் குண்டுபட்டு இறந்தார். ராஜ்ஜியத்தின் பணமும் கவனமும் ஜெர்மானியப் போரில் இருந்தன. டெலவேரைப் பற்றி நினைக்க ஆள் இல்லை. கவர்னர் யோஹான் பிரின்ட்ஸ் கடிதம் மேல் கடிதம் எழுதிப் பார்த்தார். ஆள் பயங்கரக் குண்டு. 400 பவுண்டு எடை என்று ஒரு டச்சு மாலுமி எழுதி வைத்திருக்கிறார், லெனாபே மக்கள் "பெரிய வயிறு" என்று கூப்பிட்டார்களாம். அதிகாரமும் அந்த எடைக்கு ஏற்றபடி. 1653இல் 22 குடியேறிகள் சேர்ந்து மனு கொடுத்ததும் அதைக் கலகம் என்று சொல்லித் தலைவனைத் தூக்கிலிட்டார். அப்புறம் அவரே பொறுக்க முடியாமல் டச்சுக் கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். ரைசிங் என்ற அடுத்த தலைவர் ஓர்ன் கப்பலில் வந்து இறங்கியபோது அங்கே மிஞ்சியிருந்தது 70 பேர் அளவுதான்.

கப்பலே அனுப்பாத நாட்டுக்குக் கடல் மரபு என்றால் நான் என்ன சொல்வது?

கொசுவலை எழுதியது:

பிரின்ட்ஸ் பெயர் வந்ததால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் 1643இல் வந்ததும் இன்றைய நியூ ஜெர்சி கரையில் எல்ஃப்ஸ்போர்க் என்று ஒரு கோட்டை கட்டினார். நோக்கம் நல்ல நோக்கம்: ஆற்றில் மேலே போகும் ஒவ்வொரு டச்சுக் கப்பலும் அங்கே நின்று கொடியை இறக்கிவிட்டுப் போக வேண்டும். பீரங்கி எல்லாம் வைத்தார். ஆனால் சதுப்பு நிலம். சிப்பாய்களை டச்சுக்காரர் தாக்கவில்லை, கொசு தாக்கியது. "மிக்கன்போர்க்", கொசுக்கோட்டை என்று பெயரே மாறிப்போய், கடைசியில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நான் வைத்துக்கொண்டிருக்கும் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான வரலாறு கிடைக்காது :)

வில்மிங்டன்_வாசி எழுதியது:

கொசுவலை சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் பெரியது. இந்த ஆற்றில் கடலுக்குப் பக்கமாக யார் கோட்டை வைத்திருக்கிறாரோ அவர் கையில்தான் மேலே உள்ளவர்களின் கழுத்து. எல்ஃப்ஸ்போர்க் போனதும், நியூ ஆம்ஸ்டர்டாமில் இருந்த டச்சு கவர்னர் ஸ்டைவெசன்ட் 1651இல் கிறிஸ்டினாவுக்குக் கீழே, இன்றைய நியூ காசில் ஊரில், கசிமிர் கோட்டையைக் கட்டினார். ஸ்வீடன்காரர்களின் கடல் வழி அவர் கண்காணிப்பில் வந்துவிட்டது. 1654இல் ரைசிங் வந்த கையோடு அந்தக் கோட்டையைப் பிடித்தார். உள்ளே இருந்தவர்களிடம் வெடிமருந்தே இல்லை. அவசரப்பட்டுவிட்டார் என்பது என் கருத்து. அடுத்த ஆண்டே ஸ்டைவெசன்ட் ஏழு கப்பல்களோடு வந்தார். 1655 செப்டம்பரில் கிறிஸ்டினா கோட்டையும் சரணடைந்தது.

பாய்மரம்77 எழுதியது:

நடுவில் கில்லன ஹாய் கதையை விட்டுவிட்டீர்களே. ஓர்ன் கப்பலுக்குப் பின்னால் சரக்கோடு கிளம்பிய கப்பல் அது. 1654 செப்டம்பரில் டெலவேர் முகத்துவாரம் என்று நினைத்து ஸ்டேட்டன் தீவுக்குப் பின்னால் போய் நுழைந்துவிட்டது. அதாவது நேராக ஸ்டைவெசன்ட் வீட்டு வாசலில்! அவர் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார். கரிகாலி, இதை நீங்கள் பயன்படுத்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் மெர்க்குரியஸ் கதை என் பக்கம். கடைசிக் கப்பல், நூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் ஃபின்கள். குடியேற்றம் விழுந்த செய்தி தெரியாமலே 1655 நவம்பரில் கிளம்பி 1656 மார்ச்சில் வந்து சேர்ந்தார்கள். டச்சு அதிகாரிகள் இறங்கக் கூடாது, திரும்பிப் போ என்றார்கள். அப்போது லெனாபே ஆட்கள் திரளாகக் கப்பலில் ஏறிக்கொண்டார்கள். கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கசிமிர் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னாலேயே மேலே போனது. சுட்டால் லெனாபே ஆட்கள் சாவார்கள், அவர்களோடு பகை வரும் என்று டச்சுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

ஏரிக்கரை எழுதியது:

அது லெனாபே மக்களின் கதை, பாய்மரம். ஸ்வீடனின் கடல் மரபு அதில் எங்கே வருகிறது?

கரிகாலி எழுதியது:

ஏரிக்கரை சொன்னதற்கு மேல் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை.

தரங்கை_மைந்தன் எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். நம் கரையோடும் இதற்கு இரண்டு முடிச்சுகள் உண்டு.

பிரின்ட்ஸுடன் 1643இல் போன போதகர் யோஹான் கம்பானியஸ், லூத்தரின் சிறு ஞானோபதேசத்தை லெனாபே மொழியில் பெயர்த்தார். அவர் இறந்த பிறகு 1696இல் ஸ்டாக்ஹோமில் அச்சானது. பத்தே ஆண்டு கழித்து 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழில் அதே மாதிரி வேலையைத் தொடங்குகிறார். தரங்கம்பாடிக்கு ஊழியர்களை அனுப்பிய ஜெர்மனியின் ஹாலே நிறுவனமேதான் 1742இல் மூலன்பர்க் என்ற போதகரைப் பென்சில்வேனியாவுக்கும் அனுப்பியது.

இரண்டாவது பரங்கிப்பேட்டை. 1731இல் கோத்தன்பர்க்கில் ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. ராணி உல்ரிகா எலியனோரா என்ற கப்பல் 1733இல் பரங்கிப்பேட்டைக்கு வந்து பண்டகசாலை போட்டது. சில வாரங்களிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒன்றாகச் சேர்ந்து வந்து அடித்துச் சரக்கைப் பறித்துக்கொண்டார்கள். இந்த இருவரும் கைகோத்தது அபூர்வம்! அதன் பிறகு அந்தக் கம்பெனி பெரும்பாலும் சீனாவின் கான்டன் துறைமுகத்தோடு தேயிலை வியாபாரத்தில் இறங்கி நன்றாகவே சம்பாதித்தது. ஆகக் கடல் மரபு இல்லை என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். ஸ்வீடன்காரருக்குக் கடல் கடந்து வியாபாரம் வந்தது. நிலம் பிடித்துக் காவல் காப்பதுதான் வரவில்லை.

பாய்மரம்77 எழுதியது:

நன்றி ஐயா. இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையிலும் பின்னால் ஸ்வீடன் கை இருக்கிறது. உள்நாட்டுப் போரில் 1862இல் மோனிட்டர் என்ற இரும்புக் கப்பலை வடிவமைத்த ஜான் எரிக்சன் ஸ்வீடனில் பிறந்தவர். அதிலிருந்த இரண்டு பீரங்கிகளை வடிவமைத்த டால்கிரென், பிலடெல்பியாவில் ஒரு ஸ்வீடன் வணிகருக்குப் பிறந்தவர். பழைய குடியேற்றத்தோடு நேரடித் தொடர்பு இல்லைதான், தெரியும் கரிகாலி, அடிக்க வராதீர்கள்.

கரிகாலி எழுதியது:

அடிக்கவில்லை. ஆனால் கப்பல் எப்போது சின்னமானது என்று பாருங்கள். 1938இல் முந்நூறாம் ஆண்டு விழா வருகிறது. கார்ல் மில்லெஸ் என்ற சிற்பி கறுப்புக் கிரானைட்டில் அலை மேல் கல்மார் நிக்கெல் மிதப்பது போல நினைவுத்தூண் செய்கிறார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து கலந்துகொள்கிறார். அரை டாலர் நாணயத்தில் கப்பல். அசல் கப்பலோ 1651இல் விற்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஆங்கிலேய–டச்சுப் போரில் ஸ்காட்லாந்து பக்கம் மூழ்கிப்போனது. அப்போது அது டச்சுக்காரருக்கு வேலை செய்துகொண்டிருந்தது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வெண்பனி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மகளைப் பார்க்கப் பிலடெல்பியா போகிறேன். இதில் எதையாவது நேரில் பார்க்க முடியுமா?

வில்மிங்டன்_வாசி எழுதியது:

தாராளமாக, அம்மா. பிலடெல்பியாவிலேயே டெலவேர் ஆற்றோரம் குளோரியா தேய் தேவாலயம் இருக்கிறது, 1700இல் முடிந்த கட்டடம். உள்ளே நிமிர்ந்து பாருங்கள், கூரையிலிருந்து கல்மார் நிக்கெல், ஃபோகல் கிரிப் இரண்டின் மாதிரிகளும் தொங்கும். தேவாலயத்தில் கப்பல் தொங்கவிடுவது ஸ்காண்டிநேவியக் கரையோர ஊர்களின் பழக்கம்.

அங்கிருந்து வில்மிங்டன் ரயிலில் வரக்கூடிய தூரம்தான். மில்லெஸ் தூணும் அந்தப் பாறையும் ஒரே பூங்காவில் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி 1699இல் முடிந்த பழைய ஸ்வீடன் தேவாலயம். கல்மார் நிக்கெலின் நகலை இந்த ஊர்க்காரர்களே கட்டி 1997இல் கிறிஸ்டினா ஆற்றில் இறக்கினார்கள். பருவ காலத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போகும், கயிறு இழுக்க உங்களையும் கூப்பிடுவார்கள். ஆனால் அது பல ஊர்களுக்குப் போய்வரும் கப்பல், ஆகவே எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பூங்காவுக்குப் போகும் வழி பழைய தொழிற்சாலைப் பகுதி. மகளைக் கார் ஓட்டச் சொல்லுங்கள்.